கயிற்றைப் பிடித்துப் படித்தால்: அமெரிக்கக் கடல் நாவல்களும் அவற்றைப் படித்த விமர்சகர்களும்

'மோபி டிக்' பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் முதலில் ஒரு கதை வரும். 1851-ல் ஹெர்மன் மெல்வில் ஒரு மகத்தான நாவல் எழுதினார். யாரும் கண்டுகொள்ளவில்லை. மனுஷன் சுங்க இலாகாவில் வேலை பார்த்து ஓய்ந்து 1891-ல் இறந்துபோனார். முப்பது வருஷம் கழித்து விமர்சகர்கள் வந்து, புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்து, உலகத்துக்குக் காட்டினார்கள். கேட்க நல்லா இருக்கிற கதைதான். மேதை தோற்றார், காலம் தீர்ப்பை மாற்றியது, சுபம்.

இந்தக் கதையில் பாதி உண்மை. மீதிப் பாதியைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறேன். விமர்சகர்கள் அந்த நாவலைக் காப்பாற்றியது நிஜம். ஆனால் காப்பாற்றுகிற அவசரத்தில் அதைக் கடலிலிருந்து வெளியே இழுத்துப் போட்டுவிட்டார்கள். "இது வெறும் கடல் கதை இல்லை" என்று சொல்லிச் சொல்லித்தான் அதை உயரத்தில் வைத்தார்கள். அந்த 'வெறும்' என்கிற ஒரு வார்த்தையில் எவ்வளவு போச்சு என்று பார்க்கணும்.

மாலுமிகள் எழுதிய கதைகள்

அமெரிக்காவில் கடல் நாவலுக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பர். இன்றைக்கு அவரை 'தி லாஸ்ட் ஆஃப் த மொஹிகன்ஸ்' எழுதியவராக, காட்டுக் கதைக்காரராகத்தான் தெரியும். ஆனால் பேனா பிடிப்பதற்கு முன்னால் அவர் சரக்குக் கப்பலில் சாதாரண மாலுமியாகப் போனவர். பிறகு கடற்படையில் மிட்ஷிப்மேனாகச் சில வருஷம் இருந்தவர். வால்டர் ஸ்காட்டின் 'தி பைரேட்' வெளிவந்த புதிதில், இதை எழுதினவருக்குக் கடல் அத்துப்படியாக இருக்கணும் என்று யாரோ வியந்து பேசியிருக்கிறார்கள். கூப்பருக்கு அது பொறுக்கவில்லை. கரையில் நின்று கடலைப் பார்த்தவர் எழுதினால் எப்படி இருக்கும், கப்பலில் நின்று வேலை செய்தவர் எழுதினால் எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன் பார் என்று அவர் எழுதியதுதான் 1824-ல் வந்த 'தி பைலட்'.

அந்த நாவலின் ஆரம்பத்தில் ஒரு காட்சி. இங்கிலாந்தின் கரையோரம், இருட்டு, புயல், கப்பலுக்கு அடியில் மணல் திட்டுகள். பெயர் தெரியாத ஒரு வழிகாட்டி வந்து கட்டளை மேல் கட்டளை கொடுத்துக் கப்பலை வெளியே கொண்டுவருகிறான். எந்தப் பாயை இறக்குகிறார்கள், எந்தக் கயிற்றை இழுக்கிறார்கள் என்பது படிப்பவருக்கு முழுசாகப் புரியாது. ஆனால் ஒரு கட்டளை தப்பினால் அத்தனை பேரும் காலி என்பது நன்றாகவே புரியும். கதையின் பரபரப்பு வில்லனிடமிருந்தோ காதலிலிருந்தோ வரவில்லை. வேலையிலிருந்து வருகிறது. கடல் நாவல் கண்டுபிடித்த புதுச் சங்கதி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதே நாவலில் வாசகர்கள் மனசில் ஒட்டிக்கொண்டது அதிகாரிகள் இல்லை, கையில் எறியீட்டியோடு திரிகிற நான்டக்கெட் தீவுக்காரர் லாங் டாம் காஃபின். திமிங்கில வேட்டைத் தொழிலாளி.

அடுத்து 1840-ல் வந்த ரிச்சர்ட் ஹென்றி டேனாவின் 'டூ இயர்ஸ் பிஃபோர் த மாஸ்ட்'. இது நாவல் இல்லை, அனுபவ நூல். ஆனாலும் கடல் நாவலின் சரித்திரத்தில் இதைத் தவிர்க்கவே முடியாது. டேனா வசதியான வீட்டுப் பையன், ஹார்வர்டு மாணவர். அம்மை வந்து கண் பாதிக்கப்பட்டதால் படிப்பை நிறுத்திவிட்டு, 1834-ல் பாஸ்டனிலிருந்து 'பில்கிரிம்' என்கிற கப்பலில் கடைநிலை மாலுமியாக ஏறி கலிஃபோர்னியா போனார். தலைப்பே விஷயத்தைச் சொல்லிவிடும்: கப்பலின் முன்பக்கப் பாய்மரத்துக்கு முன்னால்தான் சாதா மாலுமிகள் தங்கும் இடம். அங்கிருந்து பார்த்தால் கப்பல் எப்படித் தெரியும் என்பதுதான் புத்தகம்.

அதில் ஒரு கசையடிக் காட்சி உண்டு. கேப்டன் சாம் என்கிற மாலுமியைக் கட்டிவைத்து அடிக்கிறார். எதற்கு அடிக்கிறீர்கள் என்று கேட்ட ஜான் என்பவருக்கும் அடி. கேட்டதுதான் குற்றம். பார்த்துக்கொண்டிருந்த டேனாவுக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. கப்பல் ஓரத்தில் போய்ச் சாய்ந்துகொள்கிறார். ஊர் திரும்பியதும் அவர் வக்கீலாகி மாலுமிகளின் வழக்குகளை எடுத்து நடத்தினார். அவர்களுக்கான சட்டக் கையேடு ஒன்றை 1841-ல் எழுதினார். இந்தக் காட்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப இதுக்கு வருவோம்.

இதெல்லாம் ஏன் அந்தக் காலத்தில் எடுபட்டது? கடல் அன்றைய அமெரிக்காவுக்கு ஒரு தொழிற்சாலை. 1840-களின் நடுவில் உலகத் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் சுமார் 900 என்றால், அதில் 700-க்கு மேல் அமெரிக்கக் கப்பல்கள். வீட்டு விளக்கு எரிந்ததும் இயந்திரம் ஓடியதும் அந்த எண்ணெயில்தான். 1841 ஜனவரியில் 'அகுஷ்நெட்' என்கிற வேட்டைக் கப்பலில் கூலிக்கு ஏறிய 21 வயசுப் பையன்தான் மெல்வில்.

1851-ல் நிஜமாகவே என்ன நடந்தது?

மெல்வில் யாரும் அறியாத ஆள் இல்லை. வேட்டைக் கப்பலிலிருந்து மார்க்கேசஸ் தீவில் தப்பி ஓடிய அனுபவத்தை வைத்து 1846-ல் எழுதிய 'டைப்பீ' அவரைப் பிரபலமாக்கியது. அடுத்து 'ஓமூ', 'மார்டி', 'ரெட்பர்ன்', 'வொயிட்-ஜாக்கெட்'. ஐந்து வருஷத்தில் ஐந்து புத்தகம். ஆகவே 'மோபி டிக்' வந்தபோது பத்திரிகைகள் அதைக் கவனித்தன. மதிப்புரைகள் நிறையவே வந்தன. ஜார்ஜ் ரிப்ளி மாதிரி ரசித்து எழுதியவர்களும் இருந்தார்கள்.

ஆனால் ஒரு விபத்து நடந்தது. நாவல் முதலில் லண்டனில், 1851 அக்டோபரில், ரிச்சர்ட் பென்ட்லியின் பதிப்பாக 'தி வேல்' என்கிற பெயரில் மூன்று பாகமாக வந்தது. 500 பிரதிகள். அதில் கடைசிப் பின்னுரை விடுபட்டுப்போச்சு. அந்தப் பின்னுரையில்தான் கப்பல் மூழ்கியபின் இஸ்மவேல் மட்டும் எப்படிப் பிழைத்தான் என்ற விவரம் இருக்கிறது. அது இல்லாமல் படித்த பிரிட்டிஷ் மதிப்புரைக்காரர்கள், "எல்லாரும் செத்துப்போனால் கதையைச் சொன்னது யாரப்பா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதானே? நவம்பரில் நியூயார்க்கில் ஹார்ப்பர் வெளியிட்ட பதிப்பில் பின்னுரை சரியாகவே இருந்தது. ஆனால் லண்டன் பத்திரிகைகளின் காட்டமான மதிப்புரைகளை அமெரிக்கப் பத்திரிகைகள் சில எடுத்து மறுபிரசுரம் செய்தன. வேறொரு பதிப்பின் குறை இந்தப் பதிப்பின் தலையில் விடிந்தது.

அதைத் தாண்டி இரண்டு பக்கத்திலும் வந்த முக்கியப் புகார் ஒன்றே ஒன்று: இது எந்த வகைப் புத்தகம்? சாகசக் கதை ஒரு பக்கம், நாடகம் மாதிரி வசனம் ஒரு பக்கம், திமிங்கிலத்தின் தலையும் வாலும் தோலும் பற்றி அத்தியாயம் அத்தியாயமாக விளக்கம் ஒரு பக்கம். மச்சாவதாரம்கூட இதில் வரும். விஷ்ணுவையும் திமிங்கில வேட்டைக்காரர் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டு இஸ்மவேல் பெருமைப்படுகிற அத்தியாயம் ஒன்று உண்டு. இப்படி ஒரு கலவையை அன்றைக்குப் பலரால் ஜீரணிக்க முடியவில்லை. மெல்வில் உயிரோடு இருந்தவரை சுமார் 3,200 பிரதிகள்தான் விற்றன.

அடுத்த வருஷம் வந்த 'பியர்' படுதோல்வி. 1866 கடைசியில் நியூயார்க் துறைமுகத்தில் சுங்க ஆய்வாளராகச் சேர்ந்தவர் 19 வருஷம் அந்த வேலையில் இருந்தார். அவர் இறந்தபோது 'நியூயார்க் டைம்ஸ்' குறிப்பில் 'மோபி' என்கிற பெயரையே எழுத்துப் பிழையோடு அச்சிட்டார்கள்.

நடுவில் விளக்கை அணையாமல் பார்த்தவர்கள்

பிரபலமான கதையில் விடுபட்டுப்போகிற பகுதி இதுதான். 1851-க்கும் 1919-க்கும் நடுவில் இந்த நாவலை யாருமே படிக்கவில்லையா? படித்தார்கள். யார் படித்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கடல் கதைப் பிரியர்கள் படித்தார்கள்.

வில்லியம் கிளார்க் ரஸ்ஸல் என்கிற ஆங்கிலேயர், தானும் கப்பலில் வேலை பார்த்துவிட்டுக் கடல் கதை எழுத வந்தவர். 1884-ல் எழுதிய கட்டுரையில் மெல்விலைக் கடல் எழுத்தாளர்களில் முதல் வரிசையில் வைத்தார். மெல்வில் மறக்கவில்லை. 1888-ல் தன் சொந்தச் செலவில் 25 பிரதி மட்டும் அச்சிட்ட கவிதைத் தொகுப்பை ரஸ்ஸலுக்குத்தான் சமர்ப்பணம் செய்தார். 1899-ல் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரத்துப் பேராசிரியர் ஆர்ச்சிபால்ட் மெக்மெக்கன் ஒரு கட்டுரை எழுதினார். இதுவரை எழுதப்பட்ட கடல் கதைகளிலேயே ஆகச் சிறந்தது இதுதான் என்பது அதன் தலைப்பு. ஆகச் சிறந்த 'கடல் கதை'. அவருக்கு அந்த வகைப் பெயரைச் சொல்வதில் எந்தக் கூச்சமும் இல்லை.

ஆனால் அதற்குள் கடல் கதை என்கிற வகையே கீழே இறங்கிக்கொண்டிருந்தது. 1859-ல் பென்சில்வேனியாவில் பெட்ரோலியக் கிணறு தோண்டியாச்சு. திமிங்கில எண்ணெய்க்கு மவுசு குறைந்தது. பாய்மரக் கப்பல் போய் நீராவிக் கப்பல் வந்தது. அமெரிக்கர்களின் கண் கடலை விட்டு ரயில் பாதை பக்கம் திரும்பியது. தொழில் போனதும் தொழிலைப் பற்றிய எழுத்து 'பையன்கள் படிக்கிற புத்தகம்' ஆகிவிட்டது.

கூப்பருக்கு நடந்தது இதற்கு நல்ல உதாரணம். 1895-ல் மார்க் ட்வைன் கூப்பரைக் கிழித்துத் தொங்கவிட்டு ஒரு கட்டுரை எழுதினார். இன்றைக்கும் அது பாடப்புத்தகங்களில் உயிரோடு இருக்கிறது. ட்வைன் எடுத்துக்கொண்டது காட்டு நாவல்களை. மூன்றே வருஷத்தில், 1898-ல், கூப்பரின் கடல் நாவல்களை மனசாரப் புகழ்ந்து இன்னொருவர் எழுதினார். அவர் பெயர் ஜோசப் கான்ராட், ஏறத்தாழ இருபது வருஷம் கப்பலில் உழைத்தவர். கடலை அறிந்தவர் கொடுத்த சான்றிதழை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. ட்வைனின் கிண்டல் மட்டும் நிலைத்தது.

1920-கள்: கடல் போச்சு, தத்துவம் வந்தது

1919-ல் மெல்விலின் நூற்றாண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ரேமண்ட் வீவர் ஒரு கட்டுரை எழுத ஆரம்பித்து, அது வளர்ந்து 1921-ல் முதல் வாழ்க்கை வரலாற்று நூலானது. மாலுமி, ஞானி என இரண்டு பட்டங்களை அதன் தலைப்பிலேயே மெல்விலுக்குக் கொடுத்தார் வீவர். பேத்தியின் வீட்டில் இருந்த காகிதங்களிலிருந்து 'பில்லி பட்' கையெழுத்துப் பிரதியை வெளியே கொண்டுவந்தவரும் அவர்தான். அது 1924-ல் அச்சானது.

பின்னால் வந்தவர்கள் அந்த இரண்டு பட்டத்தில் ஞானியை எடுத்துக்கொண்டு மாலுமியை இறக்கிவிட்டார்கள். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. முதல் உலகப் போர் முடிந்து, நாகரிகம் என்பதன் மேலேயே நம்பிக்கை ஆட்டம் கண்டிருந்த சமயம். ஒரு கேப்டன் தன் வெறிக்காக மொத்தக் கப்பலையும் மூழ்கடிக்கிற கதை அப்போது வேறு மாதிரி கேட்டது. 1922-ல் ஜாய்ஸின் 'யுலிசிஸ்' வந்துவிட்டது. எல்லாவற்றையும் போட்டுக் கலக்குவது இனி குற்றம் இல்லை. 1851-ல் எந்தக் கலவை குறையாகத் தெரிந்ததோ அதே கலவை இப்போது மேதைமைக்கு அத்தாட்சி ஆனது. புத்தகத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை.

1923-ல் டி.எச். லாரன்ஸ் அமெரிக்கச் செவ்வியல் இலக்கியம் பற்றி ஒரு நூல் கொண்டுவந்தார். மெல்விலுக்கு இரண்டு அத்தியாயம், டேனாவுக்கு ஒன்று. விமர்சன எழுத்தாக அது அபாரமானது, சந்தேகமே இல்லை. ஆனால் டேனாவின் கசையடிக் காட்சிக்கு வரும்போது லாரன்ஸ் என்ன செய்கிறார் தெரியுமா? அடிக்கிற கேப்டனுக்கும் அடிபடுகிற சாமுக்கும் நடுவில் தேங்கியிருந்த உயிர்ச் சக்தி அந்த அடியால் மறுபடி ஓட ஆரம்பிக்கிறது, இரண்டு பேருக்குமே அது நல்லது என்கிற மாதிரி விளக்குகிறார். டேனாவின் குமட்டல் அவருக்குப் படித்த பையனின் மெல்லிய மனசாகப் படுகிறது.

கூலி கேட்கவோ காரணம் கேட்கவோ உரிமை இல்லாத ஒரு தொழிலாளியின் முதுகு, விமர்சகர் கையில் பிரபஞ்சத் தத்துவமாக மாறிவிட்டது. கடல் நாவல்களைக் 'கடல்' இல்லாமல் படிப்பதன் ஆபத்து இதுதான். சின்ன நஷ்டம் இல்லை இது.

1941-ல் எஃப்.ஓ. மத்தீசன் எழுதிய 'அமெரிக்கன் ரினைசன்ஸ்' வந்தபோது மெல்வில் எமர்சன், தோரோ, ஹாதார்ன், விட்மன் ஆகியோருடன் சிம்மாசனத்தில் உட்கார்ந்துவிட்டார். கூப்பரும் டேனாவும் அந்த வரிசையில் இல்லை. ஷேக்ஸ்பியருக்குப் பக்கத்தில் வைத்து மெல்விலைப் படிக்கலாம். லாங் டாம் காஃபினுக்குப் பக்கத்தில் வைத்துப் படிப்பது பழைய பழக்கம் ஆகிவிட்டது.

ஆளுக்கொரு ஆஹாப்

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலமும் தன் கேப்டனை இந்த நாவலில் தேடியது. ஹிட்லரையும் ஸ்டாலினையும் பார்த்த தலைமுறைக்கு ஆஹாப் சர்வாதிகாரி, இஸ்மவேல் தப்பிப் பிழைத்த சுதந்திர மனிதன். பனிப்போர்க் காலத்து அமெரிக்க வகுப்பறைகளுக்கு இந்த வாசிப்பு வசதியாக இருந்தது. 2001 செப்டம்பர் தாக்குதல் நடந்த சில நாளிலேயே எட்வர்ட் சைத், மோபி டிக்கைத் துரத்தும் ஆஹாபை நினைவுபடுத்தி அமெரிக்காவின் போர் வெறியை எச்சரித்தார். டோனி மாரிசன் 1988-ல் மிச்சிகனில் ஆற்றிய உரையில், திமிங்கிலத்தின் வெள்ளை நிறத்தைப் பற்றிய அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு, வெள்ளையர் உயர்வு என்கிற கருத்தோடுதான் மெல்வில் மோதுகிறார் என்று வாதிட்டார். எட்கர் ஆலன் போவின் ஒரே முழு நாவலான 'ஆர்தர் கார்டன் பிம்' (1838) கூட இப்படித்தான் மறுபடி மேடைக்கு வந்தது. போவே ஒரு கடிதத்தில் அசட்டுப் புத்தகம் என்று தள்ளிய நூல் அது. அதன் முடிவில் தோன்றும் வெள்ளை உருவத்தை வைத்து, 1992-ல் வந்த தன் நூலில், அமெரிக்க இலக்கியத்தின் நிறக் கேள்வியை மாரிசன் திறந்துவைத்தார்.

இந்த வாசிப்புகள் எல்லாமே பலமானவை. ஆனால் பெரும்பாலானவை கேப்டனின் அறையிலும் மேல்தளத்திலும்தான் நிற்கின்றன. கீழே இறங்கியவர் ஒருவர் உண்டு: சி.எல்.ஆர். ஜேம்ஸ். டிரினிடாட்காரர், மார்க்சியர், கிரிக்கெட் பற்றி எழுதியதாலும் நம்மில் பலருக்குத் தெரிந்த பெயர். 1952-ல் அமெரிக்க அரசு அவரை நாடு கடத்துவதற்காக எல்லிஸ் தீவில் அடைத்து வைத்தது. அங்கே பல நாட்டு மாலுமிகளும் அகதிகளும் சூழ இருந்துகொண்டு அவர் மெல்விலைப் பற்றி ஒரு முழு நூல் எழுதினார். 1953-ல் வெளிவந்தது. அவருடைய வாதம் நேரடியானது: இந்த நாவலின் நாயகன் ஆஹாபும் இல்லை, இஸ்மவேலும் இல்லை. தஷ்டெகோ, டாகூ, குவீக்வெக், பிப் என்று பல கண்டங்களிலிருந்து வந்து சேர்ந்து வேலை செய்கிற அந்தக் கூட்டம்தான் நாயகன். இஸ்மவேல் யோசித்துக்கொண்டே ஆஹாபின் பின்னால் போய்விடுகிற படித்த வர்க்கம். அன்றைக்கு அந்த நூலைப் பெரிய விமர்சகர்கள் பொருட்படுத்தவில்லை. இன்றைக்கு அதைத் தவிர்த்துவிட்டு மெல்விலைப் பற்றிப் பேசவே முடியாது.

நாலு இடத்தில் ஒரு கயிறு

சரி, கடலை விட்டுவிட்டால் நாவலில் என்ன போகும் என்று ஒரு உதாரணத்தோடு பார்க்கலாம். 'மோபி டிக்'கில் 135 அத்தியாயம். வாசகர்கள் அதிகம் தாவிப் போகிற பகுதி நடுவில் வரும் தொழில் விளக்கங்கள். அதில் ஒன்று 60-ஆம் அத்தியாயம். முழுக்க ஒரு கயிற்றைப் பற்றியது.

எறியீட்டியின் முனையில் கட்டியிருக்கும் வேட்டைக் கயிறு. கனம் முக்கால் அங்குலம்கூட இல்லை. ஆனால் மூன்று டன் அளவு இழுவை தாங்கும். நீளம் 200 ஃபேதமுக்கு மேல், அதாவது சுமார் 365 மீட்டர். படகின் பின்பக்கத் தொட்டியில் ஒரு சிக்கு இல்லாமல் சுருட்டி வைப்பார்கள். அங்கிருந்து அது படகின் நீளம் முழுக்க, துடுப்பு போடுகிற ஒவ்வொருவரின் உடம்பையும் உரசிக்கொண்டு முன்னால் போகும். ஈட்டி பாய்ந்த திமிங்கிலம் ஓட ஆரம்பித்தால் கயிறு மின்னலாகப் பறக்கும். யார் கையிலோ கழுத்திலோ சுற்றினால் அவ்வளவுதான். அத்தியாயத்தின் முடிவில் மெல்வில் சொல்கிறார்: எல்லா மனிதர்களும் இப்படி ஒரு கயிறு சுற்றியபடிதான் வாழ்கிறார்கள், அது இறுகும்போதுதான் தெரிகிறது.

தத்துவம் பார்த்தீர்களா? ஆனால் அது கயிற்றின் மேல்தான் நிற்கிறது. தொட்டி, சுருள், துடுப்புக்காரர் உட்காரும் இடம் எல்லாவற்றையும் சொன்ன பிறகுதான் அந்த வரிக்கு உயிர் வருகிறது.

பன்னிரண்டு அத்தியாயம் தள்ளி இன்னொரு கயிறு. கப்பலின் பக்கத்தில் கட்டிய திமிங்கிலத்தின் மேல் குவீக்வெக் நின்று வேலை செய்கிறான். கீழே சுறாக்கள். அவன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை மேலே நிற்கும் இஸ்மவேலின் இடுப்பில். ஒருவன் விழுந்தால் இன்னொருவனும் போக வேண்டியதுதான். தன் விதி இன்னொருவன் கையில் இருக்கிறது என்று இஸ்மவேல் உணர்கிற இடம் இது.

93-ஆம் அத்தியாயத்தில் மூன்றாவது. கறுப்பினச் சிறுவன் பிப் பயத்தில் படகிலிருந்து குதிக்க, வேட்டைக் கயிறு அவன் மார்பிலும் கழுத்திலும் சுற்றிக்கொள்கிறது. அவனைக் காப்பாற்றக் கயிற்றை அறுக்கிறார்கள், திமிங்கிலம் போய்விடுகிறது. இனி குதித்தால் தூக்க மாட்டேன் என்கிறான் துணை அதிகாரி ஸ்டப். அலபாமாவில் உன்னை விற்றால் கிடைப்பதைப் போல முப்பது மடங்கு விலை இந்தத் திமிங்கிலத்துக்கு என்பது அவன் கணக்கு. அடிமைச் சந்தை, எண்ணெய்ச் சந்தை, ஒரு பையனின் உயிர் மூன்றும் ஒரே கயிற்றில் தொங்குகின்றன. பிப் மறுபடி குதிக்கிறான். ஸ்டப் சொன்னபடியே விட்டுவிட்டுப் போகிறான். பிறகு கப்பல் அவனை மீட்டாலும் அவன் மனம் கடலிலேயே தங்கிவிடுகிறது.

கடைசி அத்தியாயத்தில் நாலாவது. ஆஹாப் எறிந்த ஈட்டியின் கயிறு ஓடும்போது சிக்கிக்கொள்கிறது. அதை விடுவிக்கக் குனிகிறார், சரியும் செய்துவிடுகிறார். ஆனால் பறக்கும் சுருள் கழுத்தில் விழுந்து, சத்தமில்லாமல் அவரைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போகிறது. பல சினிமாக்காரர்களும் சுருக்கப் பதிப்புக்காரர்களும் நினைப்பது மாதிரி அது திமிங்கிலத்தோடு நடந்த மல்யுத்தம் இல்லை. எழுபத்தைந்து அத்தியாயத்துக்கு முன்னால் நமக்கு விளக்கிச் சொன்ன ஒரு தொழில் விபத்து. எந்தத் துடுப்புக்காரனுக்கும் நேரக்கூடியது. மகா கேப்டன் கடைசியில் சாதாரணக் கூலிக்காரனின் சாவு சாகிறார். 60-ஆம் அத்தியாயத்தைத் தாண்டிப் போனவருக்கு இது புரியாது. 'வெறும் கடல்' என்று ஒதுக்கியதில்தான் நாவலின் முடிச்சே இருக்கிறது.

எதிர்த் திசையில் போன ஒரு கிழவர்

ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்' விமர்சகர்களிடம் எதிர்த் திசையில் பயணம் செய்தது. 1952 செப்டம்பரில் 'லைஃப்' பத்திரிகை முழு நாவலையும் ஒரே இதழில் வெளியிட்டது. இரண்டே நாளில் 50 லட்சம் பிரதி. மெல்விலின் 3,200-ஐ ஒரு தடவை நினைத்துப் பாருங்கள்! 1953-ல் புலிட்சர், 1954-ல் நோபல். 1960-ல் டுவைட் மெக்டொனால்ட், ஆழமானதைப் போல வேஷம் போடும் நடுத்தர ரசனை எழுத்துக்கு இதையே உதாரணமாகக் காட்டினார்.

ஆரம்பத்தில் புகழ்ந்தவர்கள் கிழவருக்குள் கிறிஸ்துவைப் பார்த்தார்கள். பிறகு திட்டியவர்களுக்கும் அந்த வேஷம்தான் உறுத்தியது. ஹெமிங்வே ஒரு கடிதத்தில், கடல் கடல்தான், கிழவர் கிழவர்தான், இதில் குறியீடு ஒன்றும் இல்லை என்று அலுத்துக்கொண்டார். அதை அப்படியே நம்பணும்னு நான் சொல்லவில்லை. ஆனால் எந்தத் தூண்டில் எத்தனை ஆழத்தில் இருக்கிறது, கயிறு உள்ளங்கையை எப்படி அறுக்கிறது, இடது கை மரத்துப்போனால் மீனை எப்படிச் சமாளிப்பது என்று சொல்லும் பக்கங்கள் இன்றைக்கும் அசைக்க முடியாமல் நிற்கின்றன. சிலுவை ஞாபகம் வருகிற இடங்கள்தான் வயசாகித் தெரிகின்றன. இங்கேயும் கயிறுதான் ஜெயித்தது.

கடல் திரும்பி வருகிறது

தாமஸ் ஃபில்பிரிக் 1961-லேயே கூப்பரின் கடல் நாவல்களைத் தனியாக எடுத்து ஆராய்ந்தார். 2008-ல் ஹெஸ்டர் ப்ளம், மாலுமிகளே எழுதிய அனுபவ நூல்களைத் திரட்டி, கப்பலில் உழைத்தவர்கள் படிக்கவும் எழுதவும் செய்தார்கள், அவர்களுக்கென ஒரு இலக்கியப் பார்வை இருந்தது என்று காட்டினார். 2010-ல் மார்கரெட் கோஹன், கடல் நாவலின் மையமே தொழில் திறமைதான், சிக்கலில் மாட்டியவர் கைவேலையாலும் மூளையாலும் எப்படி வெளியே வருகிறார் என்பதுதான் என்று வாதிட்டார். நாவலின் சரித்திரத்தை எழுதியவர்கள் கடலையே மறந்துவிட்டார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு.

சுற்றுச்சூழல் வாசிப்பும் சேர்ந்துகொண்டது. திமிங்கிலங்கள் ஒருநாள் அழிந்துபோகுமா என்று இஸ்மவேல் ஒரு அத்தியாயம் முழுக்க யோசித்து, அழியாது என்று முடிவு கட்டுகிறான். 1986-ல் வணிகத் திமிங்கில வேட்டைக்குச் சர்வதேசத் தடை அமலுக்கு வர வேண்டிய நிலைமை வந்தது. அந்த அத்தியாயத்தை இனி யாரும் பழைய மாதிரி படிக்க முடியாது.

கடைசியாக ஒரு வேடிக்கையான ஜோடி. 2007-ல் பிரிட்டனின் ஓரியன் பதிப்பகம், பாதி நேரத்தில் படித்து முடிக்கலாம் என்று சொல்லி 'மோபி டிக்'கின் சுருக்கப் பதிப்பைக் கொண்டுவந்தது. டேமியன் சியர்ல்ஸ் என்கிற எழுத்தாளர் என்ன செய்தார் தெரியுமா? அவர்கள் வெட்டி எறிந்த பகுதிகளை மட்டும் அதே வரிசையில் கோர்த்து 2009-ல் வெளியிட்டார். ஒன்றில் கதை இருக்கிறது, இன்னொன்றில் கடல் இருக்கிறது. எது மெல்வில் என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் முதலில் எடுப்பேன்.

முதல் தடவை படிக்கப்போகிறவர்களுக்கு ஒரே ஒரு யோசனை. கையில் கிடைத்த பதிப்பில் 60-ஆம் அத்தியாயம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் வேறு பதிப்பு தேடுங்கள். இருந்தால், அங்கே மட்டும் தாவாதீர்கள்.